மறைத்தாலும் குற்றம், மறைக்காவிட்டாலும் குற்றம்: ஒழுக்கம் யாருடைய சட்டம்?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே இருக்கிறது சிதறால். அதன் மலைக்குப் பழைய பெயர் திருச்சாணத்துமலை. உச்சியில், கூரைபோல் முன்நீண்டிருக்கும் பெரும்பாறையின் சுவரில் தீர்த்தங்கரர்களின் உருவங்களும் பத்மாவதியின் உருவமும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. பின்னாளில் அங்கு பகவதி கோயில் வந்தது. கோயிலாக மாறுவதற்கு முன் அது சமணப் பள்ளி. அங்குள்ள 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி, மலையிலிருந்த தெய்வத்துக்குப் பொன்னணிகள் வழங்கியதைச் சொல்கிறது.

குரத்தி என்றால் பெண் ஆசிரியர். அக்கல்வெட்டு அவரை இன்னாருடைய மனைவி என்று அறிமுகப்படுத்தவில்லை. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி என்று அறிமுகப்படுத்துகிறது. இல்லறத்தை விட்டு வந்த ஒரு பெண், தன் பெயரால் பொன் கொடுத்தார். அந்தப் பெயர் பாறையில் நின்றது. இதை வைத்து அக்காலம் பெண்களின் பொற்காலம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. சமண சங்கத்துக்குள்ளும் விதிகள் இருந்தன. ஆனால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இதே மலையைச் சுற்றியிருந்த நிலத்தில், பெண்கள் தங்கள் மார்பின்மீது ஒரு துணியைப் போட்டுக்கொள்வதற்கே அரசாணை தேவைப்பட்டது. பொன் அணிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு உரிமை இருக்கவில்லை. அந்த நிலம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை அந்த நிர்வாக மரபில்தான் இருந்தன.

தனிமனித சுதந்திரம் பெரிதா, சமூகத்தின் ஒழுக்க விதிகள் பெரிதா என்ற கேள்வி கல்லூரிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஒருபுறம் தன் விருப்பப்படி வாழ நினைக்கும் தனிமனிதர், மறுபுறம் அனைவரின் நன்மைக்காக விதி வகுக்கும் சமூகம் என்று அக்கேள்வி காட்சியை அமைத்துக்கொள்கிறது. தென் திருவிதாங்கூரின் வரலாறு இந்தக் காட்சியைப் பொய்யாக்குகிறது. சாதிச் சமூகத்தில் ஒழுக்க விதி அனைவருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அது காத்தது சாதி வரிசையை.

மார்பை மறைப்பது அவமதிப்பான காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் இருந்த உடை விதியை இன்றைய ஒழுக்கக் கண்ணோட்டத்தில் புரிந்துகொள்வது கடினம். இன்று ஒழுக்கம் ‘மூடு’ என்கிறது. அன்று அது ‘திற’ என்றது. மேல்சாதியினர் முன் மேலாடையை விலக்குவது மரியாதை, விலக்காதிருப்பது திமிர். நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்பும் கோயிலிலும் மேலாடையை விலக்க வேண்டியிருந்தது. நாடார், ஈழவப் பெண்கள் நாயர்கள் உள்ளிட்ட மேல்சாதியினர் முன் விலக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர், பறையர் சமூகப் பெண்களுக்கு மேலாடை என்ற பேச்சே இருக்கவில்லை. ஒரு பெண்ணின் உடல் எவ்வளவு மூடப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று எதிரே வருபவர் கண்டுகொள்ளலாம்.

உடை இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. நாடார் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. நம்பூதிரியிடமிருந்து நாடார் 36 காலடித் தூரம் விலகி நிற்க வேண்டும். புலையர் 96 காலடித் தூரம் விலகி நிற்க வேண்டும். தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். இவை அனைத்துக்கும் நாட்டு வழக்கம், ஆசாரம், மரியாதை என்று பெயர். ‘ஒழுக்கம்’ என்று இன்று நாம் சொல்லும் சொல்லின் இடத்தில் அன்று ‘ஆசாரம்’ இருந்தது.

துணியும் அது அணியப்பட்ட முறையும்

இந்த ஆசாரத்தில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்று மயிலாடியில் தொடங்கியது. அவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கம் பறையர் சமூகத்தவர். தஞ்சாவூரில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவத்தை ஏற்றுத் திரும்பிய அவருடைய முயற்சியால்தான் லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கு ஆலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரின் பள்ளிகளுக்கும் மேலாடைப் போராட்டத்துக்கும் வழி திறந்தவர்களில் ஒரு தலித் முன்வரிசையில் நின்றார் என்பது இந்த வரலாற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

கர்னல் மன்றோவின் காலத்தில், 1814இல், கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அரசு அனுமதித்தது. சிரியக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைமார் பெண்களும் அணிந்துவந்த சட்டை அது. ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதற்கு மேல், நாயர் பெண்களைப் போலத் தோளில் ஒரு சீலையும் அணிந்தனர். 1822இல் கல்குளம் பகுதியில் வன்முறை தொடங்கியது. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1820களின் இறுதியில் மோதல் மீண்டும் வெடித்தபோது, 1829 பிப்ரவரி 3 அன்று அரச அறிவிப்பு வந்தது: குப்பாயம் அணியலாம், தோள்சீலை அணியக் கூடாது, அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழியத்தையும் செய்ய வேண்டும்.

உடையைப் பற்றிய ஆணையில் கூலியில்லா வேலைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். அவை இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள். மேலாடையைப் போட்டுக்கொண்ட உடல், கூப்பிட்டவுடன் கூலியில்லாமல் உழைக்க வராது என்பதை அரண்மனை அறிந்திருந்தது.

1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் வீடுகளும் ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் திரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய அறிவிப்பை வெளியிட்டார். இதன்படி கிறிஸ்தவர், இந்து என்ற வேறுபாடின்றி நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம். குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், வேறு எந்த முறையிலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் முழு உண்மையும் இருக்கிறது. பிரச்சினை உடலாக இருந்திருந்தால், உடல் மறைக்கப்பட்டதும் அது தீர்ந்திருக்க வேண்டும். நாணம் பிரச்சினையாக இருந்திருந்தால், எந்த முறையில் மறைத்தாலும் நாணம் காக்கப்பட்டிருக்கும். ஆனால் அரசு கடைசிவரை விட்டுக்கொடுக்க மறுத்தது ஒன்றே ஒன்றை: ஒத்திருத்தல். ஒரு கீழ்ச்சாதிப் பெண் மேல்சாதிப் பெண்ணைப் போலத் தோன்றக் கூடாது. தெருவில் வருபவர் யார் என்று சாதி பார்ப்பவருக்கு ஐயம் வரக் கூடாது. துணியின்மீது இருந்த தடையைப் போல் தோன்றியது, உண்மையில் சமத்துவத்தின்மீது இருந்த தடை.

வெற்றியின் கணக்கில் வராதவர்கள்

1859இன் அறிவிப்பு நாடார் பெண்களைப் பற்றியது. அந்தச் சமூகம் உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அதே நேரத்தில், அதே சமஸ்தானத்தில் தலித் பெண்களின் நிலை என்ன என்று கேட்காமல் இந்த வரலாற்றை முடிக்கவும் முடியாது. திருவிதாங்கூர் அரசு 1855இல்தான் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டிருந்தது. சட்டப்படி அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள், வழக்கப்படி அதே வயல்களில் அதே ஆசாரத்தின் கீழ் வாழ்ந்தனர்.

மேலாடை அறிவிப்புக்கு 56 ஆண்டுகளுக்குப் பிறகு, 1915இல், கொல்லத்துக்கு அருகேயுள்ள பெரிநாட்டில் புலையர் பெண்கள் கல்லுமாலைக்கு எதிராகப் போராடினர். பொன்னும் வெள்ளியும் மறுக்கப்பட்ட அவர்களுக்குக் கழுத்தில் கல்மணி மாலைகள் அடிமை அடையாளமாக விதிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றவும் மார்பை மறைக்கவும் அவர்கள் முடிவெடுத்ததும் ஆதிக்கச் சாதியினரின் தாக்குதல் தொடங்கியது. 1893இல் வில்லுவண்டி ஓட்டிப் பொதுப்பாதையை உரிமையாக்கிய அய்யன்காளி, கொல்லத்தில் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அங்கே அவர் அழைப்பை ஏற்றுப் பெண்கள் தங்கள் கல்லுமாலைகளை அறுத்தெறிந்தனர். மேலாடைப் போராட்டத்தை 1859இல் முடித்துவிடும் எந்த நூலும், தலித் பெண்களை அரை நூற்றாண்டுக்கு மேல் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் பங்கேற்க, தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு பொதுக்கூட்டம் நடந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 2016 இறுதியில், இந்த வரலாற்றைச் சொல்லும் பாடப்பகுதி தேர்வுக்குரியதல்ல என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்திருந்தது. 2019இல் 9ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து உடையின் சமூக வரலாறு குறித்த அத்தியாயமே நீக்கப்பட்டது. மேடையில் நினைவுகூர்ந்துவிட்டு வகுப்பறையில் மறக்கும்போது, இழப்பு அடுத்த தலைமுறைக்கு.

விதிகள் ஏன் பெண்ணின் உடலைத் தேடி வருகின்றன?

இக்கேள்விக்கான தெளிவான விடையை 25 வயதில் அம்பேத்கர் எழுதினார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரை, அகமணமே சாதியின் உயிர்நாடி என்று நிறுவுகிறது. ஒரு குழு தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டுமானால், தன் பெண்கள் யாரை மணக்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். உடன்கட்டை, கைம்பெண் மீதான கட்டாயத் துறவு, குழந்தை மணம் ஆகியவற்றை அவர் தனித்தனிக் கொடுமைகளாகப் பார்க்கவில்லை. அகமணம் குலையாமல் காக்கும் வழிமுறைகளாகவே பார்த்தார். ஒழுக்கத்தின் பெயரில் இவை புகழப்பட்டது பின்னால் வந்த அலங்காரம்.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ‘திற’ என்ற பழைய விதியும் ‘மூடு’ என்ற இன்றைய விதியும் முரண்பட்டவையாகத் தெரியாது. ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடலைத் திறந்துவைப்பதும், தன் சாதிப் பெண்ணின் உடலைப் பூட்டிவைப்பதும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். ஒன்று ‘இவள் கீழே’ என்று அறிவிக்கிறது. மற்றொன்று ‘இவள் எங்களுடையவள்’ என்று அறிவிக்கிறது. விதியின் உள்ளடக்கம் காலத்துக்குக் காலம் மாறும். அதை விதிக்கும் அதிகாரம் கைமாறாமல் இருப்பதே சாதிக்கு முக்கியம்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் தலித், அவர் மணந்த கௌசல்யா தலித் அல்லாத சாதியில் பிறந்தவர். இருவரும் சட்டம் அனுமதிக்கும் வயதில், தம் விருப்பத்தில் மணந்தவர்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் துறையில் பணியாற்றிய தலித் இளைஞர் ஒருவர் காதலின் பெயரால் கொல்லப்பட்டார். ஒவ்வொரு முறையும் ‘பெற்றோரின் வலி’, ‘ஊரின் மானம்’, ‘பண்பாட்டுச் சீரழிவு’ என்ற சொற்கள் கொலைக்குப் பக்கத்தில் வந்து அமர்கின்றன. பொறியியல் பட்டமும் நல்ல ஊதியமும் சாதி வரிசையை அழித்துவிடும் என்று நம்பியவர்களுக்கு இக்கொலைகள் சொல்லும் செய்தி, 1859இன் நிபந்தனை சொன்ன அதே செய்தி: முன்னேறலாம், ஆனால் எங்களைப் போல ஆகக் கூடாது, எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது.

நம் வீட்டுக்குள்ளும்

ஒழுக்கத்தின் பெயரால் விதிக்கும் ஆசை ஆதிக்கச் சாதிகளிடம் மட்டும் இருப்பதாகச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்து ஒரு வார இதழில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடெங்கும் அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. தமிழ்ப் பெண்களின் கற்பு இழிவுபடுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. பாட்டாளி மக்கள் கட்சியினரோடு விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினரும் அந்த எதிர்ப்பில் நின்றனர். 2010 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் அவ்வழக்குகளை ரத்து செய்தது. சமூக ஒழுக்கம் குறித்த கருத்துகள் ஆளுக்கு ஆள் மாறுபடுபவை, அவற்றைக் காக்கத் தனிமனித உரிமைக்குள் குற்றவியல் சட்டத்தை நுழைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

கற்பு என்ற சொல்லால் மிகுதியாகக் காயப்பட்டவர்கள் யார்? வயலிலும் சாலையிலும் வேலை செய்ததற்காகவே ஒழுக்கமற்றவர்கள் என்று சொல்லப்பட்ட தலித் பெண்கள். வெளியே சென்று உழைக்காமல் வாழ முடியாதவர்களுக்கு, வீட்டுக்குள் இருப்பதையே அறமாகச் சொல்லும் அளவுகோல் எப்போதும் எதிரானது. அந்த அளவுகோலை நாமே கையில் எடுத்தால், அது முதலில் நம் பெண்களைத்தான் அளக்கும். விடுதலை இயக்கங்கள் தங்கள் மகளிர் அணியின் உடையை, விடுதி மாணவியரின் நேரத்தை, தோழர்களின் காதலை எப்படிப் பார்க்கின்றன என்பதையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா?

இந்தக் கேள்வி நேர்மையானது. ஏமாற்றாதிருப்பதும் வலியவர் எளியவரைச் சுரண்டாதிருப்பதும் ஒழுக்கம்தான். அவை இல்லாமல் சேர்ந்து வாழ முடியாது. ஒரு விதி இந்த வகையா, சாதிக் காவலா என்று பிரித்தறிய மூன்று கேள்விகள் உதவும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அந்த விதி ஒன்றுபோல் பொருந்துகிறதா? யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவருக்கு அதை உருவாக்குவதில் பங்கு இருந்ததா? மீறும்போது தண்டனை யார்மீது விழுகிறது? தோள்சீலைத் தடை மூன்றிலும் தோற்கிறது. சாதி மறுப்பு மணத்துக்கு எதிரான விதியும் மூன்றிலும் தோற்கிறது. மேல்சாதி ஆண் தலித் பெண்ணை வன்முறையால் தீண்டும்போது தூங்கும் ‘ஊர் மானம்’, தலித் ஆண் விரும்பி மணக்கும்போது மட்டும் அரிவாளோடு எழுகிறது.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, அம்பேத்கர் அரசியலமைப்பு ஒழுக்கம் என்ற கருத்தை எடுத்துரைத்தார். அது இயல்பாக வரும் உணர்வு அன்று, பயின்று வளர்க்க வேண்டியது, நம் மக்கள் அதை இனிமேல்தான் கற்க வேண்டும் என்றார். சமூக ஒழுக்கத்துக்கு எதிரே ஒழுக்கமின்மையை அவர் நிறுத்தவில்லை. மற்றொரு ஒழுக்கத்தை நிறுத்தினார். மனித மாண்பும் சமத்துவமும் சகோதரத்துவமும் அதன் விதிகள். 2018இல் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை நீக்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இக்கருத்தையே சார்ந்து நின்றது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமணத் தேர்வில் தலையிடக் குடும்பத்துக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ உரிமை இல்லை என்று கூறி, பாதுகாப்பு இல்லங்களும் சிறப்புப் பிரிவுகளும் அமைக்கப் பணித்தது.

சட்டம் இன்னொரு இடத்திலும் தென் திருவிதாங்கூரை நினைவூட்டுகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தவரின் ஆடையை வலிந்து களைவதைக் குற்றமாக்குகிறது. பொது இடத்தில் அவர்கள் செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் மணமக்கள் குதிரையில் ஊர்வலம் போவதையும் தடுப்பவர்களையும் தண்டிக்கிறது. 21ஆம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் ‘புத்தாடை’ என்ற சொல்லைக் குற்றச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், தோள்சீலைக்கு எதிரான அந்த மனநிலை வரலாறாகிவிடவில்லை.

தீர்ப்புகள் மட்டும் போதாது என்பதையும் நாம் அறிவோம். சட்ட ஆணையம் தன் 242ஆம் அறிக்கையில் திருமணச் சுதந்திரத்தில் தலையிடுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று 2012இலேயே பரிந்துரைத்தது. அத்தகைய சட்டத்துக்கான கோரிக்கை இன்னும் தெருவில்தான் நிற்கிறது. அச்சட்டம் வரும்வரை, ஒரு இணை வீட்டைவிட்டு வெளியேறும் இரவில் அவர்களுக்குத் தங்க இடமும், வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணும், ஒரு மாதச் செலவுக்குப் பணமும் வேண்டும். தனிமனித சுதந்திரம் தனியாகக் கிடைப்பதில்லை. தென் திருவிதாங்கூரில் பெண்கள் தோளில் சீலை போட்டபோது அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளி இருந்தது, வழக்காட ஆள் இருந்தது, கூடி நிற்க ஒரு சமூகம் இருந்தது. பெரிநாட்டுப் பெண்களுக்குப் பின்னால் அய்யன்காளியும் அவருடைய சாது ஜன பரிபாலன சங்கமும் இருந்தன. இன்று தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் இளைஞருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

சிதறால் மலைக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது, பொன் கொடுத்த அந்தக் குரத்தியின் பெயரைத் தாங்கிய கல்வெட்டைக் கேட்டுப் பாருங்கள். இறங்கி வரும் வழியெல்லாம், தோளில் ஒரு துணி போட்டதற்காகப் பெண்கள் அடிவாங்கிய நிலம் அது. மார்பை மறைப்பதை ஆசாரக் கேடு என்று அன்று அங்கே உறுதியாக நம்பியவர்கள், இன்று நம்மிடம் பண்பாடு பேசுபவர்களைப் போலவே தங்களை ஒழுக்கத்தின் காவலர்களாகக் கருதினார்கள்.